பதினைந்து நாள் விருந்தாளி: சமுத்ராவில் இப்னு பதூதா



விடுமுறை வந்துவிட்டால் நம் பிள்ளைகளில் பலர் தோளில் ஒரு பையை மாட்டிக்கொண்டு நாடு பார்க்கக் கிளம்பிவிடுகின்றனர். பாங்காக்கில் இரண்டு நாள், கோலாலம்பூரில் மூன்று நாள், ஜகார்த்தாவில் விமானம் மாறும் இடைவெளியில் ஒரு பகல் என்று அவர்களது பயணம் நீள்கிறது. திரும்பி வந்ததும் கைப்பேசி நிறையப் படங்கள் காட்டுவர். அந்த ஊரில் யாருடன் அமர்ந்து உண்டாய், எந்தப் பள்ளிவாசலில் யார் பின்னால் நின்று தொழுதாய் என்று கேட்டால்தான் பதில் சற்றுத் தயங்கி வரும். பயணத்தைக் குறைகூறுவதற்காக இதை எழுதவில்லை. பூமியில் சுற்றிப் பார்த்துப் படிப்பினை பெறுமாறு திருமறையே பல இடங்களில் நம்மை ஏவுகிறது. ஆனால் ஓர் ஊரைக் கடந்து செல்வது வேறு. அவ்வூரார் நம்மை ஏற்றுக்கொள்ளத் தங்கிச் செல்வது வேறு.

இந்த வேறுபாட்டை விளக்க, ஏறத்தாழ 680 ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த ஒரு சிறு தங்கலை இங்கே நினைவுகூர விரும்புகிறோம். தங்கியவர் மொராக்கோ நாட்டின் தஞ்சா நகரில் பிறந்த பயணி இப்னு பதூதா. தங்கிய இடம், தென்கிழக்காசியாவின் தொடக்க கால முஸ்லிம் அரசுகளுள் ஒன்றான சமுத்ரா பசையின் தலைநகரம். தங்கிய காலம் பதினைந்தே நாள்கள்.

தோள்பை கூட இல்லாத பயணி

இப்னு பதூதா ஹிஜ்ரி 703இல், அதாவது கி.பி. 1304இல் பிறந்தவர். 1325ஆம் ஆண்டு, தமது 21ஆம் வயதில், ஹஜ்ஜை நாடித் தனியாளாக வீட்டை விட்டுப் புறப்பட்டார். ஹஜ்ஜை நிறைவேற்றிய பின்பும் அவருடைய கால்கள் ஓயவில்லை. எகிப்து, சிரியா, இராக், யமன், கிழக்கு ஆப்பிரிக்கா, துருக்கி, நடு ஆசியா என்று சுற்றி, இறுதியில் டில்லியை அடைந்தார். அங்கே சுல்தான் முஹம்மத் பின் துக்ளக் அவரைக் காழியாக நியமித்தார். சில ஆண்டுகளுக்குப் பின், சீனப் பேரரசருக்கு அனுப்பும் பரிசுப் பொருள்களுடன் தூதராக அனுப்பிவைத்தார்.

அந்தத் தூது கோழிக்கோட்டுக் கடற்கரையில் சிதைந்தது. கப்பல் புறப்படவிருந்த சமயத்தில் ஜும்ஆத் தொழுகைக்காக இப்னு பதூதா கரையிலேயே தங்கிவிட்டார். பின்னர் எழுந்த புயலில் பரிசுப் பொருள்களை ஏற்றியிருந்த பெரிய கப்பல் உடைந்து, அதிலிருந்தோர் மாண்டனர். அவருடைய சொந்த உடைமைகள் இருந்த மற்றொரு கப்பல் அவரை விட்டுவிட்டுக் கடலுக்குள் போய்விட்டது. அவரிடம் எஞ்சியவை பத்து தீனார்களும், விரித்துப் படுக்கும் ஒரு விரிப்பும்தான்.

அதன்பின் மாலத்தீவு, இலங்கை, தமிழகம் என்று அலைந்து, மீண்டும் மேற்குக் கரை வழியே கப்பலேறியபோது இரண்டாம் முறையும் அனைத்தையும் இழந்தார். பன்னிரண்டு கப்பல்களில் வந்த கடற்கொள்ளையர் சூழ்ந்துகொண்டனர். இலங்கை மன்னர் அளித்த முத்துகளும் மணிகளும் போயின. இறைநேசர்களிடம் அன்பளிப்பாகப் பெற்ற பொருள்களும் போயின. உடுத்தியிருந்த ஆடையும் போயிற்று. கால்சட்டை ஒன்றுடன் அவரைக் கரையில் இறக்கிவிட்டனர்.

அந்தக் கோலத்தில் அவர் சென்ற இடம் எது? கோழிக்கோட்டின் ஒரு பள்ளிவாசல். அங்கே மார்க்க அறிஞர் ஒருவர் அவருக்கு ஓர் ஆடையை அனுப்பினார். காழி ஒரு தலைப்பாகையை அனுப்பினார். வணிகர் ஒருவர் இன்னோர் ஆடையை அனுப்பினார். மூன்று பேர் கொடுத்த மூன்று துணிகளால் ஒரு மனிதர் மீண்டும் எழுந்து நின்றார். பின்னர் மாலத்தீவு வழியாக வங்கம் சென்று, சில்ஹட்டில் ஷைக் ஜலாலுத்தீன் (ரஹ்) அவர்களைக் கண்டு, ஸோனார்கான் துறையில் கிழக்கே செல்லும் மரக்கலம் ஒன்றில் ஏறினார். 1345-46 வாக்கில் சமுத்ராவை அடைந்தார்.

சமுத்ரா என்னும் ஊர்

இந்த ஊரின் பெயர் தமிழ்க் காதுக்குப் புதிதன்று. சமுத்திரம் என்று நாம் சொல்லும் அதே வடசொல்தான் அவ்வூரின் பெயர். நாளடைவில் இந்த ஒரு துறைமுகத்தின் பெயரே தீவு முழுமைக்கும் ஆகி, அது சுமத்ரா என்று உலகெங்கும் வழங்கலாயிற்று. பழைய தலைநகரம் இருந்த பகுதி இன்று இந்தோனேசியாவின் வடக்கு ஆச்சே மாவட்டத்தில், லோக்ஸூமாவே நகருக்கு அருகில் உள்ளது. அங்கே சுல்தான் மலிக்குஸ் ஸாலிஹ் அவர்களின் அடக்கத்தலம் இன்றும் இருக்கிறது. ஹிஜ்ரி 696ஆம் ஆண்டு, கி.பி. 1297இல் அவர் மறைந்ததை அக்கல்லறையின் அரபு எழுத்து கூறுகிறது.

இப்னு பதூதா வருவதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு முன், 1292 வாக்கில், வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோவும் இந்தக் கரையில் தங்க நேர்ந்தது. காற்றுத் திரும்புவதற்காக ஐந்து மாதம் காத்திருந்ததாக அவர் சொல்கிறார். அவர் சமரா என்று குறிக்கும் இடம் இந்தச் சமுத்ராவே என அறிஞர் பலர் கருதுவர். உள்நாட்டு மக்களுக்கு அஞ்சி, தங்கிய இடத்தைச் சுற்றி அகழி வெட்டி, மரக் காவற்கோபுரங்கள் எழுப்பிக்கொண்டு அவருடைய கூட்டத்தினர் அந்த மாதங்களைக் கழித்தனர். அருகிலிருந்த பெர்லாக் நகரத்தார் முஸ்லிம் வணிகர்களின் வருகையால் இஸ்லாத்தைத் தழுவியிருந்ததையும் அவரே குறித்துள்ளார்.

இந்தக் கரைகளில் ஏன் எல்லாரும் தங்க வேண்டியிருந்தது? காற்றுதான் காரணம். ஆண்டின் ஒரு பாதியில் வடகிழக்கிலிருந்தும் மறு பாதியில் தென்மேற்கிலிருந்தும் வீசும் பருவக்காற்றை நம்பியே பாய்மரக் கப்பல்கள் ஓடின. வங்கத்திலிருந்து தெற்கே இறக்கிவிடும் காற்று வேறு. சீனத்தை நோக்கி ஏற்றிச் செல்லும் காற்று வேறு. இரண்டுக்கும் நடுவே மலாக்கா நீரிணையின் வாயிலில் இருந்த துறைகளில் வணிகர் தங்கினர். தங்கிய இடத்தில் பண்டம் மாறியது, திருமண உறவு ஏற்பட்டது, பள்ளிவாசல் எழுந்தது.

தமிழர்க்கும் இத்தீவு பழகிய ஊரே. சுமத்ராவின் மேற்குக் கரையில் உள்ள பாரூஸ் பகுதியில், ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் 1088ஆம் ஆண்டு பொறித்த தமிழ்க் கல்வெட்டு கிடைத்துள்ளது. கர்ப்பூரத்திற்குப் பெயர்பெற்ற ஊர் அது. நம் வீடுகளில் புகையும் சாம்பிராணியும் இத்தீவின் மரங்களிலிருந்து வந்த சரக்கே. அத்தீவை ஜாவா என்றே அழைக்கும் இப்னு பதூதா, லுபான் ஜாவி எனப்படும் நறும்பிசினுக்கு அதனாலேயே அப்பெயர் வந்தது என்கிறார். மய்யித்தைக் குளிப்பாட்டும் கடைசி நீரில் நாம் கலக்கும் கர்ப்பூரத்திற்காக முன்னோர் எத்தனை கடல் தாண்டினர் என்பதை எண்ணினால் வியப்பு மேலிடும்.

துறையில் இறங்கிய நாள்

கப்பல் துறையை நெருங்கியதும் சிறு படகுகளில் ஊரார் எதிரே வந்தனர். தேங்காய், வாழைப்பழம், மாம்பழம், மீன் ஆகியவற்றை வணிகர்களுக்கு அன்பளிப்பாக நீட்டினர். பெற்றவர் தம்மால் இயன்றதைத் திருப்பிக் கொடுப்பது அவ்வூர் வழக்கம். பிறகு துறைமுகத் தலைவரின் துணை அதிகாரி கப்பலில் ஏறி, வந்தவர் யார் என்று விசாரித்து, கரையிறங்க அனுமதித்தார்.

கடற்கரையில் இருந்தது ஒரு பெரிய கிராமம். தலைநகரம் அங்கிருந்து நான்கு மைல். இப்னு பதூதா வந்திருக்கும் செய்தி சுல்தானுக்கு எழுத்தில் போனது. உடனே அமீர் தூலஸா என்பவரும், காழி ஷரீஃப் அமீர் ஸையித் ஷீராஸியும், தாஜுத்தீன் இஸ்ஃபஹானியும் வேறு சில மார்க்க அறிஞர்களும் எதிர்கொண்டு வந்தனர். சுல்தானின் இலாயத்துக் குதிரை ஒன்று அவருக்காக வந்திருந்தது. அவர் ஏறிக்கொண்டார். மர மதிலும் மரக் கோபுரங்களும் சூழ்ந்த அழகிய நகருக்குள் அவர்கள் நுழைந்தனர்.

காழியின் ஊர் ஷீராஸ். மற்றவரின் ஊர் இஸ்ஃபஹான். விருந்தாளியின் ஊர் தஞ்சா. ஈரானில் பிறந்தவர்கள், நடுவே ஒரு பெருங்கடலைத் தாண்டி வந்து, ஆப்பிரிக்காவின் வடமேற்கு முனையில் பிறந்தவரைச் சுமத்ராவில் வரவேற்கின்றனர். அவர்களை இணைத்தது ஒரே கலிமாவும், மார்க்கக் கல்வியின் பொது மொழியாகிய அரபும்தான்.

மாளிகையில் சுல்தானின் பிரதிநிதி எழுந்து முஸாஃபஹா செய்து அவரை அமரவைத்தார். உள்ளிருந்து ஒரு துணிப்பொதி வந்தது. அதில் ஃபூத்தா எனப்படும் இடுப்புத்துணிகள் மூன்று இருந்தன. ஒன்று தூய பட்டு, ஏனையவை கலப்பு நெசவு. உள்ளாடைகளும் மேலாடைகளும் தலைப்பாகைகளும் அவ்வாறே மும்மூன்று. அவ்வூர் முறைப்படி அவர் கால்சட்டையைக் களைந்து ஃபூத்தாவை உடுத்திக்கொண்டார். கைலி என்றும் சாரம் என்றும் நம் வீடுகளில் வழங்கும் உடையின் உறவுதான் அது. கோழிக்கோட்டில் கால்சட்டை மட்டும் மிஞ்சி நின்றவர், இங்கே அதையும் விட்டுவிட்டு விருந்தளித்தவரின் உடையில் அமர்ந்தார்!

பின்னர் உணவு வந்தது, பெரும்பாலும் சோறு. அதன்பின் வெற்றிலை வந்தது. வெற்றிலை வந்துவிட்டால் எழுந்து விடைபெற வேண்டும் என்பது குறிப்பு. இதைப் படிக்கும் நம் வீட்டுப் பெரியவர்கள் புன்னகைக்காமல் இருக்க மாட்டார்கள்.

மூன்று நாள் ஓய்வு

விருந்தாளியை ஒரு தோட்டத்திற்கு அழைத்துச் சென்றனர். மரவேலி சூழ்ந்த அத்தோட்டத்தின் நடுவே மரத்தால் ஆன வீடு. உள்ளே பருத்தி விரிப்புகள். பிரம்புக் கட்டில்கள்மேல் பட்டு மெத்தைகள். அவருக்குப் பணியாளராக இரு அடிமைப் பெண்களையும் இரு ஆண்களையும் அமீர் கொண்டுவந்து விட்டார். டில்லி சுல்தானின் தகுதிக்கு ஏற்ப அன்று, தம் தகுதிக்கு ஏற்ப இவற்றை அனுப்புவதாகச் சுல்தான் சொல்லியனுப்பினார். இச்செய்தியை மறைக்காமல் எழுதுகிறோம். மனிதரை அன்பளிப்பாகக் கொடுத்து வாங்கிய காலம் அது. அதை இன்றைய கண்ணால் காணும்போது மனம் நோவது இயல்பு. வரலாற்றை முழுதாகப் படிப்பவரே அதிலிருந்து எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது என்று அறிவர்.

அவ்வூரில் இன்னொரு வழக்கமும் இருந்தது. புதிதாய் வந்தவர் மூன்று நாள் கழியும்வரை சுல்தானைச் சந்திக்க வேண்டியதில்லை. பயணக் களைப்புத் தீரட்டும் என்பதற்காகவே அந்த ஏற்பாடு. அம்மூன்று நாளும் வேளை தவறாது மூன்று முறை உணவும், காலை மாலைகளில் பழங்களும் பண்டங்களும் வந்துகொண்டிருந்தன. விருந்தோம்பல் மூன்று நாள் என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்த முறை நமக்கு நினைவுக்கு வருகிறது. வந்தவரிடம் உடனே காரியத்தைக் கேட்காமல், முதலில் இளைப்பாறவிடும் பண்பு அது.

நடந்து வந்த சுல்தான்

நான்காம் நாள் வெள்ளிக்கிழமை. ஜும்ஆவுக்குப் பின் பள்ளிவாசலிலேயே சுல்தானைச் சந்திக்கலாம் என்று செய்தி வந்தது. இப்னு பதூதா சென்று தொழுதார். தொழுகை முடிந்து உள்ளே அழைக்கப்பட்டபோது, சுல்தான் அல்மலிக்குஸ் ஸாஹிர் அமர்ந்திருந்தார். இருபுறமும் காழியும் மாணவர்களும் இருந்தனர். சுல்தான் விருந்தாளியின் கையைப் பற்றித் தமது இடப்பக்கத்தில் அமர்த்தினார். டில்லி சுல்தானைப் பற்றியும் அவருடைய பயணங்களைப் பற்றியும் விசாரித்தார். பிறகு விட்ட இடத்திலிருந்து பாடம் தொடர்ந்தது. ஷாஃபிஈ மத்ஹபின் ஃபிக்ஹ் குறித்த அந்த உரையாடல் அஸர்வரை நீடித்தது.

அஸர் தொழுதபின் சுல்தான் பள்ளியை ஒட்டிய ஓர் அறைக்குள் சென்றார். அவர் அதுவரை அணிந்திருந்தவை மார்க்க அறிஞர்கள் உடுத்தும் ஆடைகள். வெள்ளிக்கிழமைகளில் அந்த உடையில்தான் அவர் பள்ளிக்கு வருவார், நடந்தே வருவார். அறைக்குள் அவற்றைக் களைந்து, அரச உடையை அணிந்துகொண்டு வெளியே வந்தார். வாசலில் யானைகளும் குதிரைகளும் நின்றன. சுல்தான் யானைமேல் ஏறினால் உடன்வருவோர் குதிரையிலும், அவர் குதிரையில் ஏறினால் ஏனையோர் யானையிலும் செல்வது முறை. அறிஞர்கள் அவருக்கு வலப்புறம் வருவர். அன்று அவர் யானையில் ஏறினார். மாளிகையில் அமைச்சர்களும் தளபதிகளும் வரிசை வரிசையாய் வந்து வணங்கினர். பட்டுப் போர்வையும் பொற்சலங்கையும் பூண்ட குதிரைகள் அவர் முன் நடனமாடின.

அல்லாஹ்வின் வீட்டுக்கு மாணவராக நடந்து வந்தவர், அங்கிருந்து அரசராகத் திரும்பினார். பகட்டு இல்லாத அரசர் என்று அவரைச் சொல்வதற்கில்லை. யானையும் பொற்சலங்கையும் இருக்கத்தான் செய்தன. ஆயினும் அந்தப் பகட்டை எந்த வாசலில் கழற்றி வைக்க வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார். சுற்றியிருந்த மக்களுடன் அவர் அடிக்கடி போர் புரிந்ததையும் இப்னு பதூதா எழுதுகிறார். குறைகள் உள்ள ஒரு மனிதராகவே அவர் இருந்திருப்பார். அவரை வரலாறு நினைவில் வைத்திருப்பதோ அந்த வெள்ளிக்கிழமை நடைக்காக.

இன்னொன்றையும் கவனிக்கலாம். விருந்தாளி மாலிக்கி மத்ஹபைச் சார்ந்தவர். வழக்குத் தீர்க்கும் காழியாகப் பணியாற்றியவர். ஷாஃபிஈ பாடம் நடக்கும் அவையில் அமர்ந்து கேட்பதில் அவருக்கும் தயக்கமில்லை. அவரை அருகில் இருத்திக்கொள்வதில் சுல்தானுக்கும் தயக்கமில்லை. சிறு சிறு கருத்து வேறுபாடுகளுக்காக ஒரே தெருவில் இரண்டு அணியாய் நிற்கும் நாம் இந்தக் காட்சியைச் சற்று நேரம் நின்று பார்க்க வேண்டும்.

மதுரையும் சமுத்ராவும்

இந்தத் தங்கலின் பொருளை முழுதும் உணர, இதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் அதே பயணி தங்கிச் சென்ற இன்னொரு தலைநகரை நாம் பார்க்க வேண்டும். அது நம் மதுரை.

அப்போது மதுரையைத் தலைநகராகக் கொண்டு மஅபர் சுல்தான்கள் ஆண்டுவந்தனர். அவ்வரசை நிறுவிய ஜலாலுத்தீன் அஹ்ஸன் ஷாவின் மகளை டில்லியில் இருந்தபோது இப்னு பதூதா மணந்திருந்தார். அப்பெண்ணின் சகோதரியை மணந்தவர் அப்போதைய சுல்தான் கியாஸுத்தீன் தாமகானி. ஆகவே மதுரை சுல்தான் அவருக்குச் சகலை. வரவேற்பிலும் குறைவில்லை.

ஆனால் அங்கே அவர் கண்டது வேறு. போரில் பிடிபட்டவர்களையும் அவர்களுடைய பெண்களையும் குழந்தைகளையும் சுல்தான் கழுவேற்றிக் கொன்றதைக் கண்டார். ஒருமுறை சுல்தானுடன் அமர்ந்து உண்டுகொண்டிருந்தபோதே, கைதி ஒருவனையும் அவன் மனைவியையும் ஏழு வயது மகனையும் கொண்டுவந்து வெட்டச் சொன்னார். இப்னு பதூதா முகத்தைத் திருப்பிக்கொண்டார். மற்றொரு முறை இத்தகைய கொடுமை நடந்தபோது, தொழச் செல்கிறேன் என்று சொல்லி எழுந்துவிட்டார். எழுந்ததன் காரணத்தைச் சுல்தானும் புரிந்துகொண்டார். இத்தகைய இழிசெயலை வேறெந்த மன்னரிடமும் தாம் கண்டதில்லை என்றும், அதனாலேயே அல்லாஹ் அவரது அழிவை விரைவுபடுத்தினான் என்றும் தம் நூலில் இப்னு பதூதா பதிவு செய்தார். உறவுக்காரர் என்றோ, முஸ்லிம் அரசர் என்றோ பார்த்து அவர் பேனா வளையவில்லை.

அப்போது மதுரையில் கொள்ளைநோய் பரவியிருந்தது. அவருக்கும் கடுங்காய்ச்சல் கண்டது. நம் நாட்டில் நிறைய விளையும் புளியைக் கரைத்துக் குடித்து, அல்லாஹ்வின் அருளால் குணமடைந்ததாக எழுதுகிறார். நம் ஊரின் புளிக்கரைசலுக்கு அவர் நன்றி சொன்னார். நம் ஊரை ஆண்ட சகலைக்கு நற்சான்று வழங்க அவரால் முடியவில்லை.

ஒருவர் உறவினர், மற்றவர் முன்பின் அறியாதவர். இருவரும் தொழுதனர், இருவரும் சுல்தான் என்றே அழைக்கப்பட்டனர். ஒருவரின் அவையிலிருந்து விருந்தாளி தொழுகையைச் சாக்காக வைத்து எழுந்து போனார். மற்றவரின் அவையில் ஒரு தொழுகையிலிருந்து அடுத்த தொழுகைவரை மனநிறைவுடன் அமர்ந்திருந்தார்.

மதுரை சுல்தானியம் 1378 வாக்கில் மறைந்தது. அரசுகள் எழுவதற்கும் வீழ்வதற்கும் பல காரணங்கள் உண்டு. ஒரே காரணத்தைச் சொல்லி முடித்துவிட முடியாது. எனினும் ஓர் உண்மை நம் கண்முன் இருக்கிறது. தமிழகத்தின் கடற்கரை முஸ்லிம்கள் அந்த அரசுக்கு முன்பே இங்கே இருந்தனர். அது போன பின்னரும் இருந்தனர். பாண்டியர் ஆட்சியில் காயல் துறையில் அரபுக் குதிரைகள் இறங்கிய செய்தியை மார்க்கோ போலோவே எழுதியுள்ளார். நம் முன்னோரை இம்மண்ணில் நிலைநிறுத்தியது மதுரைச் சிம்மாசனம் அன்று. கடலும், நேர்மையான வணிகமும், அண்டை வீட்டாரின் நம்பிக்கையுமே அவர்களை நிலைநிறுத்தின.

சமுத்ரா பசையும் ஓர் அரசு என்ற முறையில் அழியத்தான் செய்தது. 1521இல் போர்த்துகீசியர் அதைக் கைப்பற்றினர். 1524இல் அது ஆச்சே சுல்தானியத்துடன் இணைந்தது. ஆனால் அதற்குள் அந்நகரம் மலாய் உலகின் கல்விக்கூடமாகிவிட்டிருந்தது. மார்க்கச் சிக்கல்களுக்கு விளக்கம் கேட்டு மலாக்கா அரசவையே பசைக்கு ஆளனுப்பியதாக மலாய் வரலாற்று மரபு சொல்கிறது. அந்த அவையில் ஓதப்பட்ட ஷாஃபிஈ மத்ஹபே இன்று அப்பகுதி எங்கும் பரவியுள்ளது. நம் கடற்கரை ஊர்கள் பலவற்றிலும் அதே மத்ஹப்தான்.

இந்த உறவுக்கு மலாய் மக்கள் ஒரு கதையும் வைத்துள்ளனர். மக்காவிலிருந்து சமுத்ராவுக்குப் புறப்பட்ட கப்பல் வழியில் முஅதபர் என்னும் நாட்டில் தங்கியதாம். அந்நாட்டு அரசர் தம் அரியணையைத் துறந்து, ஃபக்கீர் கோலம் பூண்டு, அக்கப்பலில் ஏறிச் சமுத்ராவுக்கு மார்க்கத்தை எடுத்துச் சென்றாராம். முஅதபர் என்பது மஅபர், அதாவது நம் சோழமண்டலக் கரையே என்று அறிஞர் பலர் கொள்வர். இது மரபுக்கதை, சான்றுடைய வரலாறாக இதைக் கொள்ள முடியாது. ஆயினும், எப்படிப்பட்ட மனிதர் தமக்கு மார்க்கத்தைக் கொண்டுவந்ததாக அம்மக்கள் நினைவில் வைத்துக்கொள்ள விரும்பினர் என்பதை இக்கதை காட்டுகிறது. வாளுடன் வந்த அரசரை அவர்கள் நினைக்கவில்லை. அரசைத் துறந்து பையுடன் வந்த பயணியையே நினைத்தனர்.

விடைபெற்ற நாள்

பதினைந்து நாள் கழிந்தது. சீனத்துக்குச் செல்லும் பருவம் வந்தது. எப்போது வேண்டுமானாலும் போகக்கூடிய வழி அன்று அது. இப்னு பதூதா விடை கேட்டார். சுல்தான் ஒரு மரக்கலத்தை ஆயத்தம் செய்து, வழியுணவும் ஏற்றி, கப்பலிலும் விருந்தோம்பல் குறையாதிருக்கத் தம்மவர் ஒருவரை உடன் அனுப்பினார். வாசல்வரை வந்து வழியனுப்புவது நம் பண்பு. அவர் கடல்வரை வழியனுப்பினார்.

சீனத்திலிருந்து திரும்பும்போதும் இப்னு பதூதா அந்நகருக்கு வந்தார். ஏறத்தாழ இரண்டு மாதம் தங்கினார். சுல்தானின் மகனுடைய திருமணத்திலும் கலந்துகொண்டார். முதல்முறை வழிப்போக்கராக வந்தவர், மறுமுறை வீட்டு விசேஷத்துக்கு அழைக்கப்பட்டவரானார். ஒரு நல்ல விருந்தோம்பல் இப்படித்தான் உறவாக மாறுகிறது.

பல ஆண்டுகளுக்குப் பின், 1355இல், மொராக்கோவின் ஃபாஸ் நகரில் அவர் தம் பயணங்களைச் சொல்லச் சொல்ல, இப்னு ஜுஸய் என்ற எழுத்தாளர் அவற்றை நூலாக்கினார். அதுவே ரிஹ்லா என்று நாம் அறியும் நூல். நினைவிலிருந்து சொன்னதால் சில இடங்களில் தேதியும் வழியும் குழம்பியிருப்பதை ஆய்வாளர் சுட்டுவர். ஆனால் யார் ஆடை கொடுத்தார், யார் சோறு கொடுத்தார் என்பதை அம்முதியவர் மறக்கவில்லை. பத்து ஆண்டுகள் கழிந்தும், எத்தனை துணி, எத்தனை வேளை உணவு என்று எண்ணிச் சொல்ல முடிந்தது அவரால்.

நம் வாசலில் நிற்பவர்

ஸகாத் பெறத் தகுதியுடைய எட்டு வகையினரில் வழிப்போக்கரையும் அல்லாஹ் சேர்த்திருக்கிறான். ஊரில் செல்வந்தராக இருந்தாலும், வழியில் கையிழந்து நின்றால் அவருக்கு நம் செல்வத்தில் உரிமையுண்டு. அது நாம் போடும் பிச்சையன்று, அவருக்குரிய பங்கு. கோழிக்கோட்டின் மூன்று பேரும் சமுத்ராவின் சுல்தானும் அந்தப் பங்கை உரியவரிடம் சேர்த்தவர்கள்.

இன்று நம் ஊர்களில் நிலை என்ன? முன்பு முஸாபிர்களுக்கென்று அறையும் பாயும் வைத்திருந்த பள்ளிவாசல்கள் பல இருந்தன. இன்று இஷா முடிந்ததும் பூட்டு விழுகிறது. இங்கே படுக்கக் கூடாது என்ற பலகை சுவரில் தொங்குகிறது. அதற்கும் காரணங்கள் உண்டு. திருட்டுப் பயமும் உண்டு. நிர்வாகிகளைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. ஆனால் தொழுகை முடிந்து ஸலாம் கொடுக்கும்போது, பின் ஸஃப்பில் பழக்கமில்லாத முகம் ஒன்று, பக்கத்தில் ஒரு பையுடன் அமர்ந்திருந்தால், "எந்த ஊர் பாய், சாப்பிட்டீர்களா?" என்று கேட்பதை எந்தப் பலகையும் தடுக்கவில்லை. வடமாநிலத்திலிருந்து வேலை தேடி வந்த இளைஞராக அவர் இருக்கலாம். பேருந்தைத் தவறவிட்ட மாணவராக இருக்கலாம். உலகைச் சுற்ற வந்த வெளிநாட்டவராகவும் இருக்கலாம்.

நம் பிள்ளைகள் பயணம் புறப்படும்போதும் ஒரு சொல் சொல்லி அனுப்புவோம். செல்லும் ஊரில் ஒரு ஜும்ஆவை அவ்வூராருடன் தொழுதுவா; அவர்கள் நீட்டும் உணவை அவர்களுடன் அமர்ந்து உண்; அவ்வூர் முறையை மதித்து நட; உனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தவரின் பெயரைக் கேட்டு மனத்தில் வைத்துக்கொள். படங்கள் அழிந்துபோகலாம், அந்தப் பெயர்கள் அழியாது.

சமுத்ராவின் மர மதில்கள் மண்ணோடு மண்ணாயின. சுல்தானின் யானைகளும் பொற்சலங்கைகளும் எங்கே போயினவோ! மூன்று இடுப்புத்துணிகளும், ஒரு தட்டுச் சோறும், ஒரு வெள்ளிக்கிழமை நடையும் மட்டும் இன்றளவும் பேசப்படுகின்றன.

நம் வாசலுக்கு வருவோரை மதிக்கும் மனத்தையும், நாம் செல்லும் இடமெல்லாம் நற்பெயரை விட்டுவரும் நடத்தையையும் வல்ல ரஹ்மான் நமக்கும் நம் சந்ததியினருக்கும் வழங்குவானாக. ஆமீன்.